சுருளி எழுந்த சனிக்கிழமை

பாடம் பாதியில் நின்றுபோன செய்தியை முதலில் சொன்னவன் கர்ணன்தான். சனிக்கிழமை காலை, ஷெரின் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“டீச்சரக்கா, பாண்டீஸ்வரியக்கா வாசிச்ச பொருளாதாரப் பாடத்தக் கேட்டுக்கிட்டே வாய்க்கா மேட்டுல நடந்துக்கிட்டிருந்தேன். பொசுக்குன்னு நின்னுபோச்சு. மறுபடி போட்டாலும் அதே எடத்துல வந்து நிக்குது. கோளாறு என் போன்லயா, உங்ககிட்டயா?”

“எங்கிட்டயாத்தான் இருக்கும். இரு, பாத்துட்டுக் கூப்புடுறேன்.”

கர்ணன் மார்க்கையன்கோட்டைக்காரன். பார்வை கிடையாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரசு வேலைக்கான தேர்வு எழுதப் போகிறான். அவனைப் போலவே கண் தெரியாமல் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கம்பத்திலும் போடியிலும் லோயர் கேம்ப்பிலும் இருந்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் புத்தகம் என்றால் ஷெரின் வீட்டுக் கம்ப்யூட்டர்தான். பாடங்களை யாராவது வாசித்துப் பதிவு செய்து அனுப்புவார்கள். அது ஷெரின் வீட்டில் ஏறி உட்காரும். பிள்ளைகள் அவரவர் போனில் கேட்டுக்கொள்வார்கள். உத்தமபாளையத்துப் பாண்டீஸ்வரி வாசித்த பாடங்களில் நடுநடுவே குக்கர் விசில் கேட்கும். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. அவள் குரல் அவ்வளவு தெளிவு.

ஷெரினுக்கும் பிறவியிலேயே பார்வை இல்லை. தேனிக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. கல்லூரியில் படிக்கும்போது லினக்ஸ் கைவந்தது. அதில் படத்தைப் பார்த்து அழுத்த வேண்டிய தேவை இல்லை. எழுத்தால் கட்டளை கொடுத்தால் எழுத்தாகவே பதில் வரும். அந்த எழுத்தை அவளுடைய மடிக்கணினி வாசித்துக் காட்டிவிடும். அப்படித்தான் ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, சுருளி என்று பெயர் வைத்து, மாடி அறையில் நிறுத்தியிருந்தாள். அதற்கு மானிட்டரும் கிடையாது, பேச்சும் கிடையாது. கீழே சமையலறையில் உட்கார்ந்தபடி மடிக்கணினியிலிருந்து அதற்குள் போய் வருவாள்.

அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்குப் போனாள். கதவைத் திறந்ததுமே காதில் விழுந்தது. டக், டக் என்று ஒரு சத்தம், சற்று நிறுத்தி மறுபடி டக். ஹார்டு டிஸ்க்கின் ஊசி போக வேண்டிய இடத்துக்குப் போக முடியாமல் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாகவே காற்று ஊரைப் புரட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. அதில்தான் அடிபட்டிருக்க வேண்டும்.

பழைய பாடங்களுக்கெல்லாம் வேறு டிஸ்க்கில் நகல் இருந்தது. ஆனால் அந்த டிஸ்க் நிரம்பிப் போயிருந்தது. இந்தத் தேர்வுக்காகவே ஆட்களைக் கெஞ்சிக் கூத்தாடி வாசிக்க வைத்த புதுப் பாடங்கள் அத்தனையும், முட்டிக்கொண்டிருக்கிற இந்த ஒன்றில் மட்டும்தான். பாண்டீஸ்வரியின் போனில் இடம் குறைவு, அனுப்பியதும் அழித்துவிடுவாள்.

பதறி என்ன ஆகப் போகிறது? ஓட ஓடத்தான் டிஸ்க் இன்னும் கெடும். அவள் முதல் காரியமாகச் சுருளியை முறைப்படி நிறுத்தினாள். சத்தம் அடங்கியது.

கணவன் இம்மானுவேல் தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தான். கடை திறக்கக் கிளம்பிக்கொண்டிருந்தவன் விஷயத்தைக் கேட்டதும் செருப்பைக் கழற்றினான்.

“விடு, நான் பாத்துக்கிறேன். நம்ம கடைக்கு எதுத்தாப்புல கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை இருக்குல்ல, அவரு கிட்ட கேக்குறேன்.”

போனிலேயே கேட்டான். அந்தக் கடைக்காரர் நல்ல மனுஷர்தான். வேற டிஸ்க் போட்டு விண்டோஸ் ஏற்றித் தருகிறேன், பழையதில் இருப்பதை மறந்துவிடச் சொல்லுங்கள் என்றார்.

“மறக்குறதுக்கா இத்தன பேரு வாசிச்சாக?” என்றாள் ஷெரின். “வேணாங்க. நானே பாக்குறேன். போடியில அண்ணன் கிட்ட ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் சும்மா கெடக்கு. அதுல சுருளிய மாத்திரப் போறேன்.”

அண்ணன் ஜேசுராஜ் போடியில் ஏலக்காய் வியாபாரம். கடையில் பில் போட வாங்கிய சின்னப் பெட்டி ஒன்று, புதிது வந்ததும் மூலையில் ஒதுங்கிவிட்டது. தங்கை கேட்டதும் காரில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தான். பெட்டியைத் திறந்தால் ஏலக்காய் வாசம்.

“ஏத்தா, இந்த டப்பாவுக்குள்ள அம்புட்டும் அடங்குமா?”

“அடங்கும்ண்ணே. பழசவிட இதுல எடம் ஜாஸ்தி.”

“அப்ப சரி. சாப்புட ஏதாச்சும் இருக்கா?” என்று அவன் அடுப்படிப் பக்கம் போனான். அவன் வேலை அதோடு முடிந்தது.

ஷெரின் பழைய பெட்டியின் ஸ்க்ரூவைக் கழற்றி டிஸ்க்கை வெளியே எடுத்தாள். விரல் பட்டதும் சூடு தெரிந்தது. ஒரு கேபிள் வழியாக அதைச் சின்னப் பெட்டியோடு இணைத்தாள். அவளிடம் ஒரு பென் டிரைவ் இருந்தது. அதில் பேசும் லினக்ஸ் இருந்தது. எந்தக் கம்ப்யூட்டரையும் அந்த பென் டிரைவிலிருந்து எழுப்பினால் அது வாய் திறந்து பேசும். பிறகு அவளுக்கு யார் துணையும் வேண்டாம். ஆனால் பென் டிரைவிலிருந்து எழச் சொல்லி முதலில் பெட்டிக்குச் சொல்ல வேண்டுமே! அதைச் சொல்கிற அமைப்புத் திரை இருக்கிறதே, அது ஊமைத் திரை. எந்தக் கம்ப்யூட்டரிலும் அது பேசாது. பழைய பெட்டியில் கீபோர்டின் எந்த விசையை எத்தனை முறை தட்ட வேண்டும் என்று விரலுக்கு மனப்பாடம். இது அவளுக்குப் பழகாத பெட்டி.

சாமான் அறையிலிருந்து பழைய மானிட்டரைக் கொண்டுவந்து மாட்டி, போனின் கேமராவைத் திரைக்கு நேரே பிடித்தாள். போன், மானிட்டரில் இருந்த வார்த்தைகளை எல்லாம் கடகடவென்று வாசித்தது. வாசித்து என்ன பயன்? எந்த வரி இப்போது தேர்வாகி நிற்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை. அம்புக்குறியைத் தட்டினாலும் அதே வார்த்தைகளைத்தான் திரும்ப ஒப்பித்தது.

ஷெரின் கீழே எட்டிக் கூப்பிட்டாள். “ஏங்க, வேலைக்கு நிக்கிற பையன் விஜய்பாண்டியக் கடையத் தெறக்கச் சொல்லிட்டு மேல வாங்க. எனக்கு உங்க கண்ணு வேணும்.”

இம்மானுவேல் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் கை கீபோர்டுக்குப் போனது.

“கைய எடுங்க. நீங்க சொல்லுங்க, நான் தட்டுறேன்.”

“ஒரு நிமிசத்துல நானே...”

“அதான் வேணாங்கிறேன். என்ன நெறம் மாறி நிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க.”

அவன் கையை மடியில் வைத்துக்கொண்டான். கல்யாணமான நாளிலிருந்து ரோடு தாண்டுவதிலிருந்து பேங்க் போவது வரை, விடு நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்னால் நிற்பவன் அவன். அன்பில்தான் நிற்பான். ஆனால் அன்றைக்கு முன்னால் நிற்க அவனுக்கு அங்கே இடமே இல்லை.

“நீலமா ஒரு வரி. செக்யூர் பூட்னு போட்டிருக்கு. பக்கத்துல எனேபிள்டு.”

“அதத்தான் தேடுனேன், அதுதான் பென் டிரைவ உள்ள விடாது. இப்ப?”

“டிஸ்ஏபிள்டுன்னு ஆயிருச்சு.”

“இனி கீழ போறேன். யு.எஸ்.பி.ன்னு எங்கன வருதுன்னு பாருங்க.”

“கீழ... இன்னும் கீழ... ஆங், அங்கனதான். நில்லு, நில்லு!”

பெட்டி ஒருமுறை அணைந்து எழுந்தது. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஸ்பீக்கரிலிருந்து ஒரு கரகரத்த இயந்திரக் குரல் ஆங்கிலத்தில் வரவேற்றது. ஷெரின் கையைத் தட்டினாள். இம்மானுவேல் தன்னையே வரவேற்றதுபோல் சிரித்தான்.

அடுத்தது நகல். சாகப் போகிற டிஸ்க்கிலிருந்து பிழைக்கிற அளவு பிழைக்க வைப்பதற்கென்றே லினக்ஸில் ஒரு கருவி உண்டு. அது முரண்டு பிடிக்கிற இடத்தில் நின்று மல்லுக்கட்டாது. முதலில் லேசாக வருவதை எல்லாம் அள்ளிக்கொள்ளும், வராத இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு கடைசியில் திரும்ப வந்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கும். ஷெரின் கட்டளையை அடித்தாள். எங்கிருந்து, எங்கே என்கிற இரண்டு பெயரையும் எழுத்து எழுத்தாக வாசிக்கக் கேட்டாள். மாறிப்போனால் சின்னப் பெட்டியின் டிஸ்க்கில் இருப்பதை எடுத்துப் பாடங்களின் மேல் எழுதிவிடும். இன்னொருமுறையும் கேட்டாள். பிறகுதான் என்டரைத் தட்டினாள்.

டிஸ்க் ஓடத் தொடங்கியது. சத்தம் ஒழுங்காகவே இருந்தது. பாதி தாண்டியபோது தொட்டுப் பார்த்தால் கொதித்தது.

“சூடு ஏறுதுங்க. சூடேறுனா படிக்காம நின்னுரும்.”

இம்மானுவேல் எழுந்து போனான். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவன் கையில் கடையிலேயே கனமான அலுமினியத் தாம்பாளம் ஒன்று. “கல்யாண வீட்டுக்குன்னு எடுத்து வச்சது. இதுக்கு மேல வையி, சூட்ட உறிஞ்சிக்கிரும்” என்றான். டிஸ்க்கை அதன்மேல் வைத்து, டேபிள் ஃபேனை நேரே திருப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் தாம்பாளத்தின் ஓரம் வரை இளஞ்சூடு பரவியது, டிஸ்க் தணிந்தது.

மத்தியானம் காற்று வெறி பிடித்து அடித்தது. ஜன்னல் கதவு படாரென்று சாத்திக்கொண்டது; கரண்ட் போனது. யு.பி.எஸ். கீச்சிட ஆரம்பித்தது. நகல் நடுவில் டிஸ்க்கின் மின்சாரம் அறுந்தால் அதுவே அதன் கடைசி மூச்சாகவும் இருக்கலாம். ஷெரின் பதற்றப்படாமல் வேலையை நிறுத்தச் சொல்லித் தட்டினாள். எதுவரை எடுத்தது, எது பாக்கி என்கிற கணக்கை அந்தக் கருவி தனி பென் டிரைவில் எழுதிக்கொண்டு நின்றது. எல்லாவற்றையும் அணைத்தாள்.

“போச்சா?” என்றான் இம்மானுவேல்.

“ஒண்ணும் போகல. விட்ட எடத்துலருந்து புடிச்சுக்கிரும்.”

சொல்லிவிட்டாளே தவிர, கரண்ட் வரும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கர்ணன் இரண்டு தடவை கூப்பிட்டான். லோயர் கேம்ப்பிலிருந்து ஏஞ்சல் கூப்பிட்டாள். அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு முதல்முறையாகத் தேர்வு எழுதப் போகிறவள். “அக்கா, பாடம் எல்லாம் அழிஞ்சுபோச்சுன்னு சொல்றாகளே, நெசமா?” குரல் உடைந்துவிடும்போல இருந்தது.

“எவன் சொன்னான்? அழியல. சாயங்காலம் கேளு” என்றாள் ஷெரின். சொன்ன பிறகு, இனிமேல் அதைச் செய்து காட்டாமல் முடியாது என்று தோன்றியது.

கரண்ட் வந்தது. டிஸ்க் ஒரு முறை டக்கென்றது, இன்னொரு முறை டக்கென்றது, பிறகு சுழன்றது. கருவி விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டது. முரண்டு பிடித்த இடங்களில் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு சொட்டு மட்டும் மிச்சம் வைத்துவிட்டு முடிந்தது என்றது. இயந்திரக் குரல் வாசித்த எண்ணைக் கேட்டு ஷெரின் நாற்காலியில் சாய்ந்தாள். கிட்டத்தட்ட முழுதும் வந்துவிட்டது.

ஆனால் வேலை முடியவில்லை. பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, சின்னப் பெட்டியை அதன் சொந்தக் காலில் எழுப்பினார்கள்.

“என்ன வருது?”

“கறுப்பா இருக்கு. எழுந்திரிக்க ஒண்ணுமில்லைங்கிற மாதிரி ஒரு வரி.”

ஷெரினுக்குக் காரணம் உடனே தெரிந்தது. பழைய பெட்டி எழும் முறை வேறு, புதுப் பெட்டி எழும் முறை வேறு. புதியது எழுவதற்கு டிஸ்க்கில் தனியாக ஒரு சின்னப் பகுதியை எதிர்பார்க்கும். பழைய சுருளியில் அது கிடையாது. மறுபடி பேசும் பென் டிரைவைச் செருகினாள். டிஸ்க்கில் மிச்சமிருந்த இடத்தில் அந்தப் பகுதியை உண்டாக்கி, எழுப்பும் புரோகிராமை அதில் அமர்த்தினாள். இதற்கு இம்மானுவேலின் கண் தேவைப்படவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விரல் ஓடுவதையும், அந்தக் கரகரத்த குரல் யாருக்கும் புரியாத வேகத்தில் வாசிப்பதையும், அவள் அதற்குத் தலையாட்டுவதையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இம்புட்டு வெரசாப் பேசுனா உனக்கு வெளங்குதா?”

“நீங்க கடையில வெல சொல்ற வேகத்தவிடக் கம்மிதான்.”

பென் டிரைவை உருவிவிட்டு எழுப்பினார்கள். இந்த முறை இம்மானுவேல் எழுந்தே நின்றுவிட்டான்.

“எழுத்தா ஓடுது! ஓடுது... நின்னுருச்சு. எஸ், யு, ஆர், யு, எல், ஐ. சுருளி! லாகின்னு கேக்குது ஷெரின்!”

ஷெரின் மடிக்கணினியைத் திறந்து சுருளியைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். இல்லை. ரூட்டரைத் தொட்டுப் பார்த்தாள், கேபிளை அழுத்தினாள். இல்லை.

எழுந்துவிட்டது, வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் அவள் சொல்வது அதற்கு எட்டவில்லை, அது சொல்வது அவளுக்கு எட்டவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். பென் டிரைவில் எழுந்தபோது இன்டர்நெட் கிடைத்தது. அப்படியென்றால் கேபிளில் குறையில்லை. வித்தியாசம் சுருளிக்குள்தான். நெட்வொர்க் கார்டுக்கு லினக்ஸ் அதனதன் இடத்தைப் பார்த்துப் பெயர் வைக்கும். பெட்டி மாறிவிட்டது, பெயரும் மாறியிருக்கும். சுருளி இன்னும் பழைய பெயரைச் சொல்லி இல்லாத கார்டைத் தேடிக்கொண்டிருக்கிறது!

“ஏங்க, இங்கன உக்காருங்க. இது பேசாது. நான் தட்டுறேன், வர்றத எழுத்து எழுத்தா வாசிங்க.”

கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போய், கார்டின் பெயரைக் கேட்டாள்.

“ரெண்டாவது வரி. ஈ, என், சைபர், ஒண்ணு.”

பழைய பெயரை அழித்து அதை எழுதினாள். நெட்வொர்க்கை மறுபடி தொடங்கச் சொன்னாள். மடிக்கணினியிலிருந்து கூப்பிட்டாள். பதில் இல்லை.

“இன்னொருக்கா வாசிங்க.”

“அதேதான். ஈ, என், சைபர், ஒண்ணு. நான் என்ன பொய்யா சொல்றேன்?”

ஷெரின் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். பிறகு கேட்டாள். “அந்த வட்டத்துக்கு உள்ள கோடோ புள்ளியோ இருக்கா?”

“இல்ல. வெறும் வட்டம்.”

“கீழ நெறைய நம்பர் வருதுல்ல? அங்கன இருக்குற சைபர்ல?”

அவன் திரைக்கு முகத்தைக் கிட்டே கொண்டுபோனான். “அட, அதுல குறுக்க ஒரு கோடு இருக்கே! எல்லா சைபர்லயும் இருக்கு. இதுல மட்டும்தான்...”

“அது சைபர் இல்லங்க. ஓ!”

“ஓவா?”

“ஓ!” என்று ஷெரின் கத்தியதில் கீழே தூங்கிக்கொண்டிருந்த ஜேசுராஜ் எழுந்து மாடிப்படியில் ஓடி வந்தான். அவள் ஓர் எழுத்தை மாற்றினாள். தொடங்கச் சொன்னாள். மடிக்கணினியில் சுருளியைக் கூப்பிட்டாள்.

பதில் வந்தது. கடவுச்சொல் என்ன என்று கேட்டது. கொடுத்தாள். பழகிய குரலில் மடிக்கணினி வாசித்தது: கடைசியாக நீங்கள் வந்தது இன்று.

பாடங்கள் இருந்த இடத்துக்குப் போனாள். வரிசையாகப் பெயர்களை வாசிக்க விட்டாள். வரலாறு, பொருளாதாரம், அறிவியல், தமிழ். ஒவ்வொரு பெயரும் வர வர அவள் முகம் மலர்ந்துகொண்டே போனது. ஒவ்வொரு கோப்பையும் சோதித்துப் பார்க்கச் சொன்னதில், கர்ணன் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஒரு பாடத்தில் மட்டும் கடைசிப் பகுதி கெட்டிருந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. பாண்டீஸ்வரிக்குப் போன் போட்டாள்.

“அவ்வளவுதானா? சோத்த எறக்கி வச்சுட்டு இப்பவே வாசிக்கிறேன்” என்றாள் பாண்டீஸ்வரி. பொழுது சாய்வதற்குள் அனுப்பியும்விட்டாள். இந்த முறையும் விசில் இருந்தது.

ஷெரின் ஏஞ்சலைக் கூப்பிட்டாள். “இப்ப போட்டுப் பாரு.” போனின் அந்தப் பக்கம் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சங்க காலத்தைப் பற்றிய பாடம் தொடங்குவது கேட்டது, அதற்குமேல் ஏஞ்சலின் கூச்சல்: “அம்மா! வந்துருச்சும்மா!” சற்று நேரத்துக்கெல்லாம் சுருளிக்குள் யார் யார் வந்து கேட்கிறார்கள் என்று மடிக்கணினி ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கியது. கம்பத்திலிருந்து ஒருவர், போடியிலிருந்து இருவர், மார்க்கையன்கோட்டையிலிருந்து கர்ணன். ஷெரின் அந்தச் சத்தத்தை நிறுத்தவில்லை. அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.

மறுவாரம் தேர்வு மையம் தேனியில்தான் போட்டிருந்தார்கள். எழுதி முடித்த கையோடு கர்ணனும் ஏஞ்சலும் ஆட்டோ பிடித்து நேரே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நன்றாக எழுதியிருக்கிறோம் என்று இருவர் பேச்சிலுமே தெரிந்தது. ஒருவரை ஒருவர் பேச விடவில்லை. ஷெரின் புது டிஸ்க் இரண்டு வாங்கி எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, போடியில் அண்ணன் கடையில் ஒன்றும் இங்கே ஒன்றுமாக வைத்துவிட்டிருந்தாள்.

“டீச்சரக்கா, அந்தச் சுருளியத் தொட்டுப் பாக்கலாமா?” என்றான் கர்ணன்.

மாடிக்கு அழைத்துப் போனாள். அவன் இரண்டு கையாலும் பெட்டியைத் தடவிப் பார்த்தான். “இம்புட்டுத்தானா? நான் பீரோ கணக்கா இருக்கும்னுல்ல நெனச்சேன்!”

ஏஞ்சல் அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். “வெதுவெதுன்னு இருக்கு. ஏலக்கா மணக்குதே?”

கீழே பிரியாணி அண்டாவை இறக்கி வைத்துவிட்டு வந்த இம்மானுவேல் கதவருகே நின்றான். அன்றைய கதையை அவர்களுக்கு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். கரண்ட் போனதை, தாம்பாளத்தை, எழுந்திருக்காமல் கிடந்ததை எல்லாம் சொன்னான். சைபர் விஷயத்துக்கு வந்ததும் கொஞ்சமும் கூசாமல், “தப்பா வாசிச்சது நான். கண்டுபிடிச்சது அவ” என்றான். பெருமை அவன் குரலில் பொங்கியது. ஏஞ்சல் கைதட்டினாள்.

“சாப்பாடு ஆறப் போகுது, வாங்க” என்று ஷெரின் படியில் இறங்கினாள். பின்னால் மூன்று பேரும் இன்னும் பேசிக்கொண்டே வந்தார்கள். அடுத்த தேர்வுக்கு என்னென்ன பாடம் வேண்டும் என்று கர்ணன் அதற்குள் பட்டியல் போடத் தொடங்கிவிட்டான்.